பாலாடாவில் இரண்டு மீட்டர்: காற்றளவு ஏன் ஒத்துப்போகவில்லை?

ஒரே கைவண்டியிலிருந்து எடுத்த கான்கிரீட். ஒரே நேரம், ஒரே இடம். அதற்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அளக்கும் கருவிகளில் ஒரு மீட்டர் 4.1 சதவீதம் என்றது, இன்னொன்று 3.7 என்றது. வித்தியாசம் வெறும் 0.4தானே என்று விட்டிருக்கலாம். ஆனால் எங்களுக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவு சரியாக 4. ஒரு தாளின்படி கலவை பாஸ், இன்னொரு தாளின்படி ஃபெயில். அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது.

வேலை நடந்தது ஊட்டியை அடுத்த முத்தோரை பாலாடா பக்கம். கேரட் கழுவும் மெஷின் வைப்பதற்கான களம். கொஞ்சம் கூரைக்குக் கீழே, மீதி திறந்தவெளி. கேரட் வேலை எப்படி நடக்கும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிவிடுவார்கள். அதாவது ராத்திரி முழுக்கத் தரை ஈரமாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் நீர்ப்பனி போய் உறைபனி விழத் தொடங்கியதும் அந்த ஈரம் அங்கேயே கட்டியாகும், ஒன்பது மணி வெயிலில் உருகும், மறுநாள் மறுபடி. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைக்குள் அது நடந்தால் மேல்தோல் செதில் செதிலாக உரியும்.

இதற்கு மருந்து, கலவைக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே சேர்ப்பது. உறையும் நீர் தள்ளும்போது அவை இடம் கொடுக்கும். ஈரத்தில் உறைந்து உருகும் இடங்களுக்கு, எம்50 என்ற வலிமைத் தரத்துக்குக் குறைந்த கான்கிரீட்டில் 20 மி.மீ ஜல்லி என்றால் 5 சதவீதம் காற்று, கூடக் குறைய 1 என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456 சொல்கிறது. "ஊட்டிக்கு இதெல்லாம் எதுக்கு சார், வெள்ளைக்காரன் கட்டினது இன்னும் நிக்குதே" என்று கான்ட்ராக்டர் கேட்டார். கூரை போட்ட கட்டிடத்துக்கு அவர் சொன்னது சரிதான். இந்த ஊர் உறைபனி ஒன்றும் லடாக் பனி அல்ல. ஆனால் ராத்திரி முழுக்க நனைந்தே கிடக்கும் தரைக்கு நான் அந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

சரி, மீட்டர்களுக்கு வருவோம்.

கோவையிலிருந்து வந்த லேப் கொண்டுவந்தது பழைய பாணி ஏர் மீட்டர். ஐந்து லிட்டர் பாத்திரம், மேலே கண்ணாடிக் குழாய், பக்கத்தில் பிரஷர் கேஜ், சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்ப். இதை நீர்க்குழாய் மீட்டர் என்றே சொல்கிறேன். எங்களிடம் இருந்தது ஏழு லிட்டர் பாத்திரமும் மூடியில் தனிக் காற்றறையும் கொண்ட கேஜ் மீட்டர். இரண்டுமே கான்கிரீட் சோதனைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1199-இன் நான்காம் பகுதி அனுமதிக்கும் முறைகள். மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொன்றையும் கம்பியால் 25 தடவை குத்தி, ரப்பர் சுத்தியலால் பக்கத்தில் தட்டி, மேலே வழித்து, விளிம்பைத் துடைத்து மூடியைப் பூட்டுவது வரை இரண்டுக்கும் ஒரே வேலைதான். அதற்கப்புறம்தான் வழி பிரிகிறது.

நீர்க்குழாய் மீட்டரில் கான்கிரீட்டின் மேல் தண்ணீர் நிரப்பி, குழாயில் குறித்த கோடு வரை கொண்டுவந்து, கேஜ் ஒரு கிலோ காட்டும்வரை அடிக்க வேண்டும். கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. கான்கிரீட்டுக்குள் உள்ள காற்று சுருங்கும், குழாயில் தண்ணீர் இறங்கும். அழுத்தத்தை விட்டுவிட்டு மறுபடி பார்த்துக் கழித்தால் கிடைப்பது காற்றளவு. கேஜ் மீட்டரில், மூடிக்குக் கீழே உள்ள இடைவெளியை ரப்பர் பல்பால் தண்ணீர் செலுத்தி நிரப்பி, காற்றறையைக் குறித்த அளவுக்கு அடித்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, லீவரை அழுத்தி அந்தக் காற்றைக் கான்கிரீட்டோடு சேரவிட வேண்டும். அழுத்தம் எவ்வளவு இறங்குகிறதோ அதை வைத்து முள் நேரடியாகச் சதவீதத்தைக் காட்டும்.

இரண்டிலும் வந்த எண்ணிலிருந்து ஜல்லித் திருத்தத்தைக் கழிக்க வேண்டும். ஜல்லிக்குள்ளேயே உள்ள துளைகளில் இருக்கும் காற்றும் சுருங்கி, கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் இது. அதே அளவு மணலையும் ஜல்லியையும் சிமெண்ட் இல்லாமல் தண்ணீரில் மூழ்கடித்து மீட்டரில் போட்டால் அந்த எண் கிடைத்துவிடும். எங்கள் ஜல்லிக்கு 0.3. (பல லேப்களில் இந்த எண்ணை யாரும் அளப்பதே இல்லை, பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். நல்ல வேளையாக இந்த லேப் அளந்திருந்தது, நாங்களும் அளந்தோம், இரண்டும் ஒத்துப்போனது.)

ஆக முதல் நாள் கணக்கு இது: நீர்க்குழாய் மீட்டர் 4.4, கழித்தால் 4.1. கேஜ் மீட்டர் 4.0, கழித்தால் 3.7.

அடுத்து என்ன நடக்கும் என்று சைட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆள் மேல் சந்தேகம். எங்கள் பையன் அதிகமாகக் குத்திக் காற்றை விரட்டிவிட்டான் என்றார் கான்ட்ராக்டரின் இன்ஜினியர். இல்லை, லேப் தம்பி விளிம்பைச் சரியாகத் துடைக்காததால் வாஷர் வழியே கசிகிறது என்றேன் நான். இருவரையும் மீட்டர் மாற்றி உட்காரவைத்தோம். அப்போதும் நீர்க்குழாய் 4.6, கேஜ் 4.1. எந்தக் கை செய்தாலும் நீர்க்குழாய்தான் கூடக் காட்டியது. கலவை எடுத்த பின் ஒன்று காத்திருக்கும் நேரத்தில் காற்று போய்விடுகிறதோ என்று வரிசையை மாற்றிப் பார்த்தோம். அதே கதை. மூடியைச் சுற்றி சோப்புத் தண்ணீர் பூசினோம், ஒரு குமிழி கூட வரவில்லை.

லேப் தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "மீட்டர் சரியாத்தானுங்க சார் இருக்கு. பாருங்க" என்று பாத்திரத்தில் வெறும் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, பூட்டி, ஒரு கிலோ அடித்தார். குழாயில் தண்ணீர் அசையவே இல்லை. சுழி. காற்றே இல்லாத இடத்தில் காற்று இல்லை என்று அந்த மீட்டர் நேர்மையாகச் சொன்னது. அந்த நிமிடம் எனக்கே எங்கள் மீட்டர் மேல்தான் சந்தேகம் வந்தது.

கேஜ் மீட்டரைச் சோதிப்பது சுலபம். பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, அதில் சரியாக 5 சதவீதத்தை, எங்கள் ஏழு லிட்டருக்கு 350 மில்லியை, வெளியே எடுத்தால் முள் 5-இல் நிற்க வேண்டும். மூன்று தடவை செய்தோம். 5.0, 4.9, 5.0.

இரண்டு மீட்டரும் தன் பரீட்சையில் பாஸ். ஆனால் இரண்டு பரீட்சையும் ஒன்றல்ல என்பது எனக்கு அன்று ராத்திரி படுக்கையில்தான் உறைத்தது. நாங்கள் எங்கள் மீட்டரை 5-இல் சோதித்தோம். அவர் தன் மீட்டரை சுழியில் சோதித்தார். ஒரு மீட்டர் எல்லாவற்றையும் பத்தில் ஒரு பங்கு கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழியில் பத்தில் ஒரு பங்கு என்ன? சுழிதான். அந்தத் தப்பு தண்ணீர்ச் சோதனையில் ஒருநாளும் மாட்டாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல்தான் கலவை. அதற்கு முன் இங்கே ஜனவரியில் கான்கிரீட் போட விடமாட்டேன், முந்தின நாள் போட்டதையே சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூடி வைத்திருப்போம். தரைக்குப் போகாத சின்னச் சின்னக் கலவைகளாக இரண்டு போடச் சொன்னேன். மேஸ்திரி "வேஸ்ட்தானே சார்" என்று முணுமுணுத்துவிட்டுப் போட்டார். முதலாவதில் காற்று மருந்தே, அதாவது குமிழிகளை உண்டாக்கும் ரசாயனமே, இல்லை. இரண்டாவதில் வேண்டுமென்றே அளவுக்கு மேல்.

மருந்தில்லாத கலவையில் நீர்க்குழாய் 2.2, கேஜ் 2.0. மருந்து அதிகமான கலவையில் நீர்க்குழாய் 7.2, கேஜ் 6.5.

வித்தியாசம் 0.2, நேற்று 0.4, இப்போது 0.7. காற்று கூடக் கூட வித்தியாசமும் கூடுகிறது. ஆனால் வகுத்துப் பாருங்கள்: மூன்றிலும் நீர்க்குழாய் மீட்டர் ஏறக்குறைய 1.1 மடங்கு. ஆள் தப்பு இப்படி ஒழுங்காக வராது. கசிவும் இப்படி வராது. இது மீட்டரின் கணக்கிலேயே இருக்கும் ஒரு பெருக்கல்.

லேப் தம்பியிடம் மீட்டரின் கேலிபரேஷன் (அளவைச் சரிபார்த்த) சர்டிபிகேட்டைக் கேட்டேன். பையிலேயே வைத்திருந்தார், பிளாஸ்டிக் உறையில், சுத்தமாக. இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி, சீல், கையெழுத்து, வேலை அழுத்தம் 1.0 என்று ஒரு வரி. எல்லாம் ஒழுங்கு. கேலிபரேஷன் செய்த இடம்: கோயம்புத்தூர்.

தேதி சரி, இடம்தான் தப்பு.

கான்ட்ராக்டருக்கு இதை விளக்க எனக்குக் கிடைத்த ஒரே பொருள், டீக்கடையில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட். கீழே அடைத்து மேலே வந்த பாக்கெட், பலூன் மாதிரி உப்பியிருக்கும். மலைக்கு வருகிற எல்லாரும் பார்த்ததுதான். உள்ளே காற்று கூடவில்லை, வெளியே அமுக்குகிற காற்றுதான் குறைந்துவிட்டது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.98 கிலோ. பாலாடா சுமார் 2,200 மீட்டர், இங்கே 0.79 கிலோதான். நம் ஊரில் தண்ணீர் நூறு டிகிரி வரை போகாமல் 92, 93-லேயே கொதித்துவிடுவதும், பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான்.

இப்போது அந்த ஒரு கிலோவை இரண்டு ஊரிலும் அடித்துப் பாருங்கள். கோவையில் குமிழியின் மேல் இருந்தது 0.98, அடித்த பின் 1.98. காற்றின் பருமன் சுமார் 50.5 சதவீதம் சுருங்கும். குழாயில் கோடு கிழித்தவர்கள் இதை நம்பித்தான் கிழித்திருக்கிறார்கள். பாலாடாவில் குமிழியின் மேல் இருந்தது 0.79, அடித்த பின் 1.79. சுருங்குவது சுமார் 56 சதவீதம். அதே காற்று, ஆனால் இன்னும் அதிகமாக அமுங்குகிறது. தண்ணீர் இன்னும் கீழே இறங்குகிறது, மீட்டர் கூடச் சொல்கிறது. 56-ஐ 50.5-ஆல் வகுத்தால் 1.11. நாங்கள் கலவையில் பார்த்ததும் அதுவே.

கேஜ் மீட்டர் மட்டும் ஏன் தப்பித்தது? அதில் ஆரம்ப அழுத்தமும் முடிவு அழுத்தமும் இரண்டுமே வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் அளக்கப்படுகிறது. அறையில் அடைத்த மிகைக் காற்று, அறையும் கான்கிரீட்டின் குமிழிகளும் சேர்ந்த இடத்தில் பரவுகிறது. வெளிக்காற்றின் பங்கு கணக்கின் இரண்டு பக்கமும் சமமாக நின்று அடிபட்டுப் போகிறது. எழுதிப் பார்த்தால் நாலு வரியில் முடியும்: ஆரம்ப கேஜ் அழுத்தத்தை அறையின் பருமனால் பெருக்கினால், முடிவு கேஜ் அழுத்தத்தை அறையும் குமிழியும் சேர்ந்த பருமனால் பெருக்கியதற்குச் சமம். அதில் ஊரின் உயரத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் மலைக்கு வந்ததும் அந்த 350 மில்லி சோதனையைச் செய்துவிடுவது நல்லது. கேஜ் லாரியில் குலுங்கித்தானே வருகிறது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் ஒன்றும் இல்லை. அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் சி231, நீர்க்குழாய் வகை மீட்டரைக் கேலிபரேஷன் செய்த இடத்திலிருந்து உயரம் 183 மீட்டருக்கு மேல் மாறினால் மறுபடி கேலிபரேஷன் செய்யச் சொல்கிறது. கோவையிலிருந்து பாலாடாவுக்கு அதுபோல் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏறியிருக்கிறோம். சமவெளியில் ஊருக்கு ஊர் போகிற லேபுக்கு இந்த விதி கண்ணில் படவே படாது. மேட்டுப்பாளையத்தில் மலை ஏறத் தொடங்கியதும்தான் அதற்கு உயிர் வருகிறது.

கான்ட்ராக்டர் தலையாட்டினார், ஆனால் முழுசாக ஏற்கவில்லை. "ரெண்டு மீட்டர்ல ஒண்ணு தப்புன்னு சொல்றீங்க. உங்களுது தப்பா இருந்தா?" நியாயமான கேள்வி. காற்றழுத்தத்தையே தொடாத மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும். அது எடை.

கலவையில் போட்ட சிமெண்ட், தண்ணீர், மணல், ஜல்லி எல்லாவற்றின் எடையும் அடர்த்தியும் தெரிந்தால், காற்றே இல்லாத கான்கிரீட் எவ்வளவு கனக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். எங்கள் கலவைக்கு அது கனமீட்டருக்கு 2,438 கிலோ. ஏழு லிட்டர் பாத்திரத்தைத் தண்ணீர் எடை போட்டு அளந்ததில் உண்மைக் கொள்ளளவு 7.02 லிட்டர். அதில் தரைக்குப் போன கலவை 16.50 கிலோ. அப்படியானால் 2,350. குறைகிற 88 கிலோவின் இடத்தில் இருப்பது காற்று: 3.6 சதவீதம். கேஜ் மீட்டரின் 3.7-க்குப் பக்கத்தில்.

இந்த முறையை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. மணலின் ஈரத்தில் ஒரு சதவீதம் தப்பினால் போதும், காற்றுக் கணக்கு 0.4 தவறிவிடும், நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்ததே அந்த 0.4-க்குத்தான். அதனால் டீக்கடையிலிருந்து ஸ்டவ்வைக் கடன் வாங்கி, எம்-சாண்டை வாணலியில் போட்டு, உதிரி உதிரியாகும் வரை வறுத்து, முன்னும் பின்னும் எடை போட்டோம். மேல் குவியலில் ஒன்று, அடிக் குவியலில் ஒன்று. அடியில் ஈரம் அதிகம். இரண்டும் கலந்துதான் மிக்சருக்குப் போகிறது என்பதால் சராசரியை எடுத்து, தண்ணீர்க் கணக்கைத் திருத்திய பிறகு வந்ததுதான் மேலே சொன்ன 2,438. வறுக்காமல் சொல்லியிருந்தால் அந்த 3.6-க்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

கடைசியாக நீர்க்குழாய் மீட்டரையே பாலாடாவுக்குப் பழக்கினோம். அழுத்தம் அதே விகிதத்தில் இறங்கினால் சுருக்கமும் அதே 50.5-க்கு வந்துவிடும்: 0.79-ஐ 0.98-ஆல் வகுத்தால் 0.8. ஒரு கிலோவுக்குப் பதில் 0.8. கணக்கை மட்டும் நம்பாமல், மீட்டரோடு வரும் அளவுக் குப்பியைப் பாத்திரத்தில் வைத்தும் சரிபார்த்தோம், கேஜ் 0.8-இல் நின்றபோது குழாய் வேண்டிய கோட்டில் நின்றது. அப்புறம் அடுத்த கலவை: நீர்க்குழாய் 4.0, கேஜ் 4.0. லேப் தம்பி சிரித்தது அப்போதுதான்.

இனி விரும்பத்தகாத பகுதி. மீட்டர் சண்டை முடிந்தது, ஆனால் முடிவு என்ன? கலவை உண்மையில் 3.7. அதாவது ஃபெயில். கோவையில் ட்ரையல் போட்டபோது, கேலிபரேஷன் செய்த ஊரிலேயே அளந்து, 5-க்கு மேல் வந்த அதே கலவை. அதே மருந்து, அதே டோஸ். மேலே வந்ததும் ஒன்றரை சதவீதம் காணாமல் போயிருக்கிறது, அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டரே மறைத்துவிட்டது. 4.1 என்று பார்த்தவர்கள் "கொஞ்சம் குறைஞ்சிருக்கு, பரவாயில்லை" என்று போய்விட்டார்கள்.

காரணம் மணல். ட்ரையலுக்கு வந்தது கழுவிய எம்-சாண்ட். சைட்டுக்கு மேட்டுப்பாளையம் வழியாக வந்த லோடில் தூசு அதிகம், கையில் எடுத்துத் தேய்த்தாலே மாவு மாதிரி ஒட்டியது. நுண்தூசு கூடினால் அதே காற்றுக்கு மருந்து கூட வேண்டும். சல்லடை போட்டுப் பார்த்ததிலும் அதுவே தெரிந்தது. டோஸை மூன்றில் ஒரு பங்கு கூட்டியதும் திருத்தம் போக 4.9 வந்தது. அடுத்த லோடு கழுவிய மணலாக வந்தபோது மறுபடி குறைத்தோம்.

இன்னொரு அறிகுறியை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும். மீட்டர் சண்டைக்கு முன்பே போட்டிருந்த கலவையின் ஏழு நாள் கியூப், அதாவது வலிமை பார்க்க உடைக்கும் கான்கிரீட் கட்டி, ட்ரையலைவிட நன்றாகவே வந்திருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். காற்று ஒரு சதவீதம் குறைந்தால் வலிமை சுமார் 5 சதவீதம் கூடும் என்பது படித்த பாடம்தான். காற்று சேர்த்த கலவையில் கியூப் எதிர்பார்த்ததற்கு மேல் உடைந்தால் கை தட்டுவதற்கு முன் காற்றளவைப் பார்க்க வேண்டும். கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

போட்டு முடித்த இரண்டு தரைப் பட்டிகளை உடைக்கச் சொல்லவில்லை. இரண்டும் கூரைக்குக் கீழே வந்தவை, தண்ணீர் தேங்காத வாட்டத்தில் இருப்பவை. 3.7 என்பது காற்றே இல்லாத கான்கிரீட்டும் அல்ல. களத்துக்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, அந்த இரண்டை மட்டும் வரைபடத்தில் குறித்துக் கொடுத்தேன். அடுத்த பனிக்காலத்துக்குப் பின் வந்து மேல்தோலைப் பார்ப்பதாகப் பேச்சு. திறந்தவெளிப் பட்டிகள் எல்லாம் அதற்குப் பிறகு போட்டவை, ஒன்றும் 4.5-க்குக் கீழே போகவில்லை.

லேப் தம்பி கிளம்பும்போது மீட்டரின் கேஜ் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் 0.8 என்று எழுதிக்கொண்டார். நான்தான் ஒட்டச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது.

"சார், கோவையில ஒரு சைட்ல இருக்கேனுங்க. இங்க எல்லாக் கலவையும் குறைச்சலா காட்டுதுங்க. அஞ்சு வர்ற இடத்துல நாலரை கூட வர மாட்டேங்குது."

"கேஜை எத்தனைக்கு அடிச்சீங்க?"

"0.8-க்குத்தானுங்க சார். டேப்ல அப்படித்தானுங்க போட்டிருக்கு."